இரண்டாம் டிக்காஷன்

நெல்லையப்பன் வீட்டில் காப்பிக்கு ஒரு வரிசை உண்டு. யாரும் அதை எழுதி வைத்ததில்லை. வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. ஆனாலும் தென்காசிக்காரர்களுக்குக் கோபுரம் இருக்கும் திசை தெரிந்திருப்பதைப் போல, அந்த வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

காலையில் வடிவாம்பாள் பித்தளை ஃபில்டரில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றுவாள். முதலில் இறங்கும் டிக்காஷன் கறுப்பாக, கெட்டியாக இருக்கும். அதில் முதல் காப்பி கணவர் நெல்லையப்பனுக்கு. அடுத்தது மகன் விஸ்வநாதனுக்கு. அதற்கும் அடுத்தது, காலை நடையை முடித்துக்கொண்டு நேராக இங்கேயே வந்து உட்காரும் நெல்லையப்பனின் அண்ணன் தில்லைநாயகத்துக்கு. அத்தோடு அது தீர்ந்துவிடும். பிறகு அதே தூளின் மேல் இன்னொரு தரம் வெந்நீர் ஊற்றுவாள். இரண்டாவதாக இறங்குவது வெளுத்துப்போய், பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறத்தில் இருக்கும். அது அவளுக்கும் மகள் உமா மகேஸ்வரிக்கும்.

காப்பி என்றால் அதுதான் என்று உமா வெகுகாலம் நினைத்திருந்தாள். கல்லூரியில் வேதியியல் படிக்கும்போது, ஒரு பொருளைக் கரைப்பானைக் கொண்டு பிரித்தெடுக்கும் பாடம் வந்தது. முதல் தடவையிலேயே பெரும்பங்கு வந்துவிடும், அதற்குப் பிறகு எடுப்பதெல்லாம் மிச்சம்தான் என்று ஆசிரியை கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து தன் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உமா பார்த்தபடியே இருந்தாள்.

"என்னட்டி, ஈ விழுந்துட்டா?" என்று கேட்டாள் வடிவாம்பாள்.

"இல்லம்மா," என்று சொல்லிவிட்டுக் குடித்தாள்.

அவள் பேச்சு எப்போதுமே அவ்வளவுதான். படிப்பு முடிந்து ஊருக்குள்ளேயே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயும் வருகிறவர்களிடம் "கைய நீட்டுங்க", "மடக்கிக்கிடுங்க" என்பதோடு முடித்துக்கொள்வாள். வேலை நிரந்தரமான அன்று மட்டும் எங்கிருந்தோ கொஞ்சம் தைரியம் வந்தது.

"எம்மா, இன்னைக்கு ஒரு நாளைக்கு எனக்கு மொத டிக்காஷன்ல போடுதியா?"

வடிவாம்பாள் பால் சட்டியை இறக்கிக்கொண்டே, "அண்ணனுக்குப் பத்தாமப் போயிரும்ட்டி," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணி நனையும் என்பதைப் போலச் சொன்னாள்.

முன்கூடமான பட்டாசாலையில் ஊஞ்சலில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அண்ணன் விஸ்வநாதன் காதில் இது விழுந்தது. அவன் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு எழுதுகிறவன். எதையும் எடை போட்டுத்தான் பேசுவான்.

"எல்லாம் ஒரே தூள்தான? குடி," என்றான்.

உமா குடித்தாள். ஆனால் அன்று மத்தியானமே, சாப்பாட்டு வேளையில், போனை எடுத்து எஸ்பிரஸோ மிஷின் தேட ஆரம்பித்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்த ஹஃப்சா எட்டிப் பார்த்தாள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். உமா முழு வாக்கியம் பேசுவது உலகத்திலேயே ஹஃப்சாவிடம் மட்டும்தான்.

"காப்பிக்கு மிஷினா? தனியா ஒரு ஃபில்டர் வாங்கிட்டுப் போயேன். வேல முடிஞ்சுது."

"ஃபில்டர் வாங்கினா அதுலயும் அம்மா ரெண்டாந் தண்ணி ஊத்துவா. மொதது அவுகளுக்குத்தான் போவும். இதுல ஒவ்வொரு காப்பிக்கும் புதுத் தூள் போடணும். ரெண்டாந் தண்ணிக்கு வழியே கிடையாது."

ஹஃப்சா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "அப்போ நீ காப்பி குடிக்க மிஷின் வாங்கல. சண்ட போட வாங்குத."

"சண்ட போடத்தான் தெரியலையே. அதனாலதான் மிஷின் வாங்குதேன்."

வாங்குவதும் அப்படியொன்றும் சுலபமாக இல்லை. விலை குறைந்ததில் இரண்டு ரகம் இருந்தது. ஒன்று, உள்ளே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியின் அழுத்தத்தால் தூளுக்குள் தள்ளுவது. அதற்குக் குக்கரின் புத்திதான்; தூளைக் கருக்கிவிடும். இன்னொன்று, சின்ன பம்ப் வைத்து, கொதிக்காத சூட்டில் தண்ணீரைத் தள்ளுவது. கொஞ்சம் கூட ஆகும். பெட்டிகளில் அழுத்தத்தின் எண்ணைப் பெரிய பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். காப்பிக்கு அதில் பாதியளவு அழுத்தமே போதும் என்று உமாவுக்குத் தெரிந்தது. எண் பெரிதாக இருக்கிறதே என்று வாங்கியவர்கள் எழுதிய புலம்பல்களையும் படித்தாள். தூளைப் போடும் வடிகிண்ணத்துக்கு இரட்டை அடி உள்ளதாகப் பார்த்தாள். அரைத்த பக்குவம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுதான் நல்லது என்று எழுதியிருந்தது. கடைசியில், பிளாஸ்டிக் உடம்பும் பம்பும் இரட்டை அடிக் கிண்ணமும் கொண்ட ஒரு சின்னக் கறுப்பு மிஷினைத் தன் சம்பளத்தில் வாங்கினாள். வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள். அதற்கு மேல் பேச அவளுக்கு வராது.

பார்சல் ஒரு சனிக்கிழமை காலையில், தில்லைநாயகம் ஊஞ்சலில் இருந்த நேரமாகப் பார்த்து வந்து சேர்ந்தது.

"என்னட்டி இது, இஸ்திரிப் பெட்டியா?"

"காப்பி மிஷின், பெரியப்பா."

"ஒங்கம்மா கை என்ன, ஒடிஞ்சா போச்சு?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தான் சொன்ன வேடிக்கைக்குத் தானே முதலில் சிரித்து, மற்றவர்களைச் சிரிக்கவைத்துப் பழகியவர்.

விஸ்வநாதன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரிட்டர்ன் போட்டுரு. எடுத்துக்கிடுவான்."

"போட மாட்டேன்," என்றாள் உமா. மெதுவாகச் சொன்னதால் யாருக்கும் கேட்கவில்லை.

அவள் கையேட்டைப் படித்து முடிப்பதற்குள் வடிவாம்பாள் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்து மிஷினின் நெற்றியில் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்துவிட்டாள். தண்ணீர் சூடானதும் பச்சையாக எரியவேண்டிய குட்டி விளக்கு சரியாக அந்த நெற்றியில்தான் இருந்தது. பச்சை வந்ததா இல்லையா என்று தெரியாமல் உமா வெகுநேரம் காத்திருந்தாள்.

அடுத்த தப்பு அவளுடையதே. அடுக்களையில் இருந்த காப்பித் தூளையே கிண்ணத்தில் அள்ளிப் போட்டு அழுத்தி, கிண்ணம் உட்காரும் கைப்பிடியை மிஷினில் மாட்டி, பொத்தானை அமுக்கினாள். மிஷின் உறுமியது. ஒரு சொட்டு இறங்கவில்லை. இன்னும் உறுமியது, கிடுகிடுவென்று ஆடியது. பிறகு, கைப்பிடியின் ஓரமாகக் கறுப்புச் சாறு பீச்சியடித்து நெல்லையப்பனின் வேட்டிவரை தெறித்தது.

"மிஷினுக்கு மலச்சிக்கல் போலருக்கே! வெளக்கெண்ண குடுத்துப் பாரு!" என்றார் தில்லைநாயகம். ஊஞ்சல் ஆடும்படி எல்லோரும் சிரித்தார்கள். வடிவாம்பாளும் சிரித்தாள். உமா துணி எடுத்துத் தரையைத் துடைத்தாள். காது மடல்கள் சூடாகிவிட்டன.

திங்கட்கிழமை ஹஃப்சாவிடம் சொன்னபோதுதான் விஷயம் பிடிபட்டது. "ஒங்க வீட்டுத் தூள்ல சிக்கரி உண்டா?" என்றாள் அவள்.

சிக்கரி இல்லாத தூள் அந்த வீட்டுக்குள் வந்ததே கிடையாது. சிக்கரி தண்ணீர் பட்டதும் ஊறிக் குழைந்து பசையாகிவிடும். பித்தளை ஃபில்டருக்கு அதனால் ஒன்றும் இல்லை. அது பாட்டுக்குச் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டிருக்கும். பம்ப் வைத்துத் தள்ளுகிற மிஷினுக்கு அது தொண்டையில் களி அடைத்ததைப் போல. வேதியியல் படித்தும் இது தோன்றவில்லையே என்று உமாவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அன்று சாயங்காலமே காப்பித் தூள் அரைக்கும் கடைக்குப் போனாள்.

"சிக்கரி போடாம அரைச்சுக் குடுங்க. ஃபில்டருக்கு அரைக்கிறதவிட ஒரு சுத்து நைசா. மாவா ஆக்கிராதீங்க."

கடைக்காரர் நிமிர்ந்தார். "நெல்லையப்ப பிள்ளை வீட்டுப் பொண்ணுதான? ஒங்க வீட்டுக்கு எப்பவும் சிக்கரி போட்டுல்லா குடுப்பேன். வீட்டுல சொல்லிவிட்டாவளா?"

"இல்ல."

"சிக்கரி இல்லேன்னா கட்டி வராதே. அப்பாவுக்குப் பிடிக்காதும்மா. போன் போட்டுக் கேட்டுருவமா?"

"அப்பாவுக்கு இல்ல," என்றாள் உமா. பின்னால் நின்றவர்கள் எல்லாம் கேட்கிற அளவுக்குக் குரல் வந்துவிட்டது. "எனக்கு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து அடுக்களை மேடையில் மிஷினோடு மல்லுக்கட்டினாள். தூள் குறைந்தால் தண்ணீராக ஓடியது. அழுத்தம் கூடினால் சொட்டுச் சொட்டாக விழுந்து கசந்தது. சூடாவதற்கு முன் அமுக்கினால் புளித்தது. ஒவ்வொரு தடவையும் கைப்பிடியைக் கழற்றி, நசுங்கி வில்லையாகிக் கிடக்கும் சக்கையைக் குப்பையில் தட்டிப் போடுவாள். ஒவ்வொரு தட்டுக்கும் வடிவாம்பாள் நெஞ்சில் கையை வைத்துக்கொள்வாள். "தூள் போற போக்கப் பாரு."

ஒரு நாள் சரியாக வந்தது. எலிவால்போல மெலிந்து, பழுப்பு நுரையோடு ஒரே சீராக இறங்கியது. வாசனை அடுக்களையைத் தாண்டிப் போயிற்று. உமா பாலைச் சுடவைத்துச் சீனியோடு கலந்து தம்ளரை மேடையில் வைத்துவிட்டுச் சீனி டப்பாவை எடுத்துவைக்கத் திரும்பினாள். அதற்குள் விஸ்வநாதன் வாசனையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, நின்றபடியே தம்ளரை எடுத்துக் குடித்துவிட்டான்.

"ஏ, நல்லாத்தான் இருக்கு!" என்றான். "ரிட்டர்ன் போடாதது நல்லதாப் போச்சு."

அது அவளுடையது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கேட்டிருந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளேன் என்று சொல்லியிருப்பான். பால் தீர்ந்துவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் உமா குளித்துவிட்டு வரும்போதே பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. தலையில் துண்டோடு அடுக்களைக்குப் போனாள். வடிவாம்பாள் மிஷின் முன்னால் நின்றிருந்தாள். பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருந்தாள். கைப்பிடியைப் பூட்டும் கோணம்கூடத் தப்பவில்லை. பட்டாசாலையில் மூன்று பேரும் குடித்து முடித்திருந்தார்கள். நெல்லையப்பன் "இது பரவால்லியே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எதையாவது பரவாயில்லை என்று சொல்வதே அபூர்வம்.

"இந்தா, ஒனக்கு," என்று வடிவாம்பாள் தம்ளரை நீட்டினாள்.

உமா பார்த்தாள். வெளுப்பு. அவளுக்கு நன்றாகத் தெரிந்த அதே நிறம்.

"எம்மா, தூள் மாத்துனியா?"

"எதுக்கு மாத்தணும்? பெரியப்பாவுக்குப் போட்ட தூள் அப்படியே வில்ல மாதிரி வாசனையாத்தான் கெடக்கு. மறுபடி அமுக்கினா இறங்கத்தான் செய்யுது." வடிவாம்பாளின் முகத்தில் பெருமை. "ஒம் மிஷின்லயும் ரெண்டாந் தண்ணி வரும்ட்டி. நாந்தான் கண்டுபிடிச்சேன்."

உமா தம்ளரை வாங்கினாள். தொட்டிக்குப் போய், மெதுவாகக் கவிழ்த்தாள்.

அந்த வீட்டில் காப்பியைக் கொட்டிப் பார்த்தவர்கள் இல்லை.

"ஏட்டி! கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? கொட்டுதியே!"

பேசினால் அழுகை வந்துவிடும், அழுதால் அழுகையைப் பற்றித்தான் பேச்சு நடக்கும், காப்பியைப் பற்றி நடக்காது. உமா மிஷினிலிருந்து கைப்பிடியைக் கழற்றினாள். கழுவினாள். துடைத்தாள். சாப்பாட்டுப் பைக்குள் டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். கைப்பிடி இல்லாத மிஷின் வெறும் பெட்டி.

மத்தியானம் பையைத் திறந்தபோது ஹஃப்சாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆத்தாடி! துப்பாக்கிய எடுத்துட்டு வந்த மாதிரில்லா எடுத்துட்டு வந்திருக்க."

சாயங்காலம் விஸ்வநாதன் போன் செய்தான். "கைப்பிடி எங்க?"

"எம் பையில."

"வெளையாடுதியா?"

"இல்ல," என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுத்து வந்தவருக்கு ரத்தம் எடுக்க ஊசியை ஹஃப்சாவிடம் கொடுத்துவிட்டாள்.

தினமும் கைப்பிடி அவளோடு வேலைக்குப் போய் அவளோடு திரும்பி வந்தது. வீட்டில் பித்தளை ஃபில்டர் மறுபடி மேடைக்கு ஏறியது. உமா காலையில் வெறும் பாலைக் குடித்தாள். வடிவாம்பாள் அவளோடு பேசவில்லை. தட்டைக் கொஞ்சம் ஓசையோடு வைத்தாள். தில்லைநாயகம் ஊஞ்சலிலிருந்து, "சாவி மகாராணிகிட்டல்லா இருக்கு," என்று தினம் ஒரு தரம் சொன்னார்.

ஆனால் அவருக்கே மிஷின் தேவைப்படும் நாள் வந்தது. குற்றாலத்தில் குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு வீடு உண்டு. சீசனுக்கு வாடகைக்கு விடுவார்கள். ஒரு ஞாயிறு மட்டும் தங்களுக்கு என்று ஒதுக்கிக்கொள்வார்கள். இந்த வருஷம் அந்த ஞாயிறுக்குத் தில்லைநாயகத்தின் மகளைக் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து, பம்பாயில் இருக்கும் சம்பந்தி வல்லிநாயகம் வருவதாக இருந்தது. சம்பந்தி பம்பாயில் தினமும் மிஷின் காப்பிதான் குடிப்பாராம்.

"நம்ம வீட்டுலயும் மிஷின் இருக்குன்னு சொல்லிட்டேன்," என்றார் தில்லைநாயகம். "ஏட்டி உமா, ஞாயித்துக்கெழம அத அங்கன கொண்டு வந்துரு."

உமா நிமிர்ந்து பார்த்தாள். "கொண்டு வாரேன். ஆனா நாந்தான் போடுவேன்."

"பின்ன நானா போடப்போறேன்?" என்று அவர் சிரித்தார்.

ஞாயிறு காலை விஸ்வநாதன் பைக்கில், மிஷினை மடியில் அணைத்துக்கொண்டு உமா குற்றாலம் போனாள். சாரல் பிடித்துக்கொண்டது. மிஷினின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தாள். தான் நனைந்தாள். குடும்பத்துப் பெண்கள் அருவியில் தலையைக் காட்டிவிட்டுச் சீக்கிரமே திரும்பி, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு இட்லிக் கொப்பரையை ஏற்றினார்கள். ஆண்கள் எண்ணெய் தேய்ப்பவரிடம் முதுகைக் கொடுத்துவிட்டு நிதானமாகத்தான் வருவார்கள்.

அடுக்களையில் மிஷினுக்குத் தோதான பிளக் இல்லை. பெரிய பிளக் பட்டாசாலையில்தான் இருந்தது. மடக்கு நாற்காலிகள் போட்டு ஆண்கள் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, ஒரு ஸ்டூலில் மிஷினை வைக்கவேண்டி வந்தது. அடுக்களைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வாய் குடித்துவிடலாம் என்று உமா நினைத்திருந்தாள். இப்போது அது முடியாது. மேடைமேல் ஏற்றி நிறுத்தியதைப் போல ஆகிவிட்டது. கிளம்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஆண்கள் வந்தார்கள். எண்ணெய் மினுங்கும் கழுத்தும் தோளில் ஈரத் துண்டுமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். நடு நாற்காலி வல்லிநாயகத்துக்கு. அவர் தும்மினார்.

"ஏட்டி, சூடா மொத காப்பி சம்பந்திக்கு!" என்றார் தில்லைநாயகம். வடிவாம்பாள் பால் செம்போடு வந்து மகள் பக்கத்தில் நின்றாள். பத்து நாள் பேசாதவள்போல் இல்லாமல், "பெரிய தம்ளர்ல போடு," என்று முணுமுணுத்தாள்.

உமா தூளை அள்ளினாள். அழுத்தினாள். பையிலிருந்து எடுத்த கைப்பிடியைப் பூட்டினாள். பச்சை விளக்கைச் சந்தனத்தின் ஓரமாகக் குனிந்து பார்த்து, அமுக்கினாள். குற்றாலத்துத் தண்ணீருக்கு அது இதுவரை இல்லாத அளவுக்கு அழகாக இறங்கியது. பால் ஊற்றினாள், ஒரு கரண்டி சீனி போட்டாள்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நின்ற இடத்திலேயே குடித்தாள்.

நாக்கு சுட்டது. அவசரமாக விழுங்கினாள். ருசி எப்படி என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. காதுக்குள் ரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது.

"ஏட்டி, அது சம்பந்திக்கு!"

"இல்ல பெரியப்பா. இது எனக்கு."

"அவ பதம் பாக்குதா," என்றார் நெல்லையப்பன் சமாதானமாக.

"பதம் பாக்கலப்பா. குடிக்கேன்." அடிவரை குடித்துத் தம்ளரைக் கீழே வைத்தாள். கைப்பிடியைக் கழற்றி வில்லையைத் தட்டிப் போட்டாள். புதுத் தூள் வைத்து அடுத்ததை இறக்கினாள். பால் ஊற்றி, பெரிய தம்ளரிலேயே, பக்கவாட்டில் நீட்டினாள். "எம்மா, இது ஒனக்கு."

வடிவாம்பாள் பின்வாங்கினாள். "மானத்த வாங்காதட்டி. அவுகளுக்குக் குடு."

"ஒனக்குத்தான் போட்டேன்."

"எனக்கு வேண்டாம்."

"நீ குடிக்கிறவரைக்கும் அடுத்தது போட மாட்டேன்."

தம்ளர் நீட்டியபடியே நின்றது. ஆவி குறைந்துகொண்டு வந்தது. வல்லிநாயகம் இன்னொரு தரம் தும்மினார். தில்லைநாயகம் தானே முதலில் சிரித்துப் பார்த்தார், யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

நெல்லையப்பன் எழுந்து, மகளின் அறியாமையைத் திருத்துகிறவர்போல, தன்மையாகச் சொன்னார். "ஏ உமா, அம்மாவுக்கு ரெண்டாந் தண்ணிதாம்மா பிடிக்கும். எப்பவும் அவ அதத்தான் விரும்பிக் குடிப்பா."

வடிவாம்பாள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் பொய் சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாள்முதல் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பால் செம்பை ஸ்டூலில் வைத்துவிட்டு, மகள் கையிலிருந்த தம்ளரை வாங்கினாள். அண்ணாந்து குடிக்கவில்லை. உதட்டில் வைத்து, ஒரு வாய், இன்னொரு வாய் என்று, அவரைப் பார்த்தபடியே குடித்தாள்.

"கசக்கு," என்றாள். "சீனி போட மறந்துட்ட."

தில்லைநாயகம் எழுந்துவிட்டார். "கூத்துல்லா நடக்கு இங்க! ஏலே விசு, நீ போடுலே. இது என்ன ராக்கெட்டா? பொத்தான அமுக்கத் தெரியாதா?"

விஸ்வநாதன் வந்தான். உமா தடுக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டாள். அவன் கைப்பிடி பூட்டியிருப்பதைப் பார்த்தான், தண்ணீர் இருப்பதைப் பார்த்தான், பொத்தானை அமுக்கினான். மிஷின் உறுமியது. தம்ளர் நிறைந்தது. பால் ஊற்றிச் சீனி கலக்கி, முதல் மரியாதையாகச் சம்பந்தி கையில் கொடுத்தான்.

வல்லிநாயகம் ஒரு வாய் குடித்தார். பண்பான மனிதர். "கொஞ்சம் லைட்டா இருக்கு," என்றார்.

விஸ்வநாதன் அதை வாங்கிப் பார்த்தான். ஒரு வாய் வைத்தான். முகம் சுளித்தது. "என்னட்டி இது, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு?"

"எல்லாம் ஒரே தூள்தான?" என்றாள் உமா. "குடி."

அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. அடுக்களை வாசலில் கூடியிருந்த பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். விஸ்வநாதன் தம்ளரைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். அவள் சொன்னது அவனுடைய வார்த்தைதான் என்பது நினைவுக்கு வந்திருக்கவேண்டும், காது சிவந்தது.

வடிவாம்பாள் அவனை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கைப்பிடியில் கை வைத்தாள்.

"எம்மா, பொறு. உள்ள ஆவி இருக்கும்."

"எனக்குத் தெரியும்ட்டி." கொஞ்சம் பொறுத்துக் கழற்றினாள். கிண்ணத்தில் வில்லை கிடந்தது, கறுப்பாக, வட்டமாக, வாசனையோடு. அதை அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு குப்பைக் கூடையின் விளிம்பில் ஓங்கித் தட்டினாள். சத்தம் பட்டாசாலை முழுக்கக் கேட்டது. புதுத் தூளை அள்ளிப் போட்டு அழுத்தினாள்.

"அது சம்பந்திக்குத்தான?" என்றார் தில்லைநாயகம். குரல் இறங்கியிருந்தது.

"எனக்கு, அத்தான்," என்றாள் வடிவாம்பாள், கணவரின் அண்ணனைத் திரும்பிப் பார்க்காமலே. "மொதல்ல குடிச்சது கசப்புல ருசியே தெரியல. சீனி போட்டுப் பாக்கணும்."

"அப்போ சம்பந்திக்கு?"

"வரும். வரிசையில வரும்."

முந்தானை நுனியால் மிஷினின் நெற்றியில் காய்ந்திருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் அழுத்தித் துடைத்தாள். குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"பச்ச எரியுதா பாருட்டி," என்றாள்.